சல்லடையடியில் நிற்பவரின் மூச்சு: கிரஷர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஜல்லி கிரஷரும் எம்-சாண்ட் ஆலையும் நடத்தும் உரிமையாளர்களுக்கு,



வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் காற்றாடி, டக்ட், ஸ்ப்ரே என்று பராமரிப்பு வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். கல் உடைக்கும் தொழில் என்னுடையது இல்லை. ஆனால் காற்றைத் தண்ணீரால் கழுவும் வேலை எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் தண்ணீரே தெளிப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹாப்பருக்கு மேலே ஒரு குழாய், கன்வேயர் முனையில் ஒரு ஸ்ப்ரே, டிப்பர் ஓடும் பாதையில் டேங்கர் என்று ஏதோ ஒரு வகையில் நனைக்கிறீர்கள். அப்படி நனைத்ததும் புகை மாதிரி எழும் வெள்ளைத் தூசி அடங்குகிறது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். என் வருத்தமெல்லாம் அங்கேதான். தண்ணீருக்கு அடங்கியது பெருந்தூசி. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியாக வெளியே வந்துவிடும். நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காருவது 5 மைக்ரானுக்கும் குறைந்த தூள். அது தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் கீழே இறங்காது, உங்கள் ஸ்ப்ரேயிலும் பெரும்பாலும் மாட்டாது.

மாட்டாததற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டை பெரிதாகிப்போன நாசிலிலிருந்து விழும் சொட்டு அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ இருக்கும். அது விழும்போது முன்னால் இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டு விழுகிறது. கனமான துகள் விலக முடியாமல் சொட்டின் மேல் மோதிவிடும். 3 மைக்ரான் துகளுக்குக் கனமே கிடையாது. விலகும் காற்றோடு சேர்ந்து அதுவும் வளைந்து போய்விடும். எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் இதே கதைதான். சரி, சொட்டைச் சிறிதாக்கலாம் என்றால், திறந்த வெளியில் நம்மூர்ச் சித்திரை வெயிலில் அது தூசியைத் தொடுமுன் ஆவியாகிவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒட்டன்சத்திரம், பழனி வரை வந்து அடிக்கும் காற்றில் அந்தச் சாரல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும்.

இன்னொன்றும் தெரியும். நீங்கள் ஸ்ப்ரேயை நிறுத்தி வைப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. தண்ணீர் கூடினால் 6 மில்லி சல்லடை அடைத்துக்கொள்கிறது. சிப்ஸும் டஸ்டும் பிரியாமல் சேர்ந்தே வருகின்றன. கல் இறங்கும் சரிவுத் தகட்டில் சேறு அப்பி, ஆள் ஏறிக் கம்பியால் குத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் அதிகாரி வரும் நாளில் வால்வைத் திறப்பதும் மற்ற நாளில் மூடுவதும் வழக்கமாகிவிட்டது. இந்தச் சிக்கலை ஒப்புக்கொள்ளாமல் தூசியைப் பற்றி உங்களுக்கு யார் பாடம் எடுத்தாலும் பயன் இருக்காது.

ஒரு யூனிட்டின் சல்லடை மேடைக்கடியில் நின்றபோது பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே வேலை செய்த பையன் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். இமை மயிரிலும் புருவத்திலும் தூள் படிந்து கிழவனைப் போலத் தெரிந்தான். துண்டை அவிழ்த்து உதறியபோது உள்பக்கத்தில், மூக்குத் துளைகள் இருந்த இடத்தில், இரண்டு சாம்பல் வட்டங்கள் இருந்தன. துணியைத் தாண்டி உள்ளே போனதில் ஒரு பங்குதான் அப்படிப் படிந்து தெரிகிறது. அதைவிடப் பொடியானது எந்தத் தடமும் விடுவதில்லை.

நம் கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. திண்டுக்கல் மலைக்கோட்டை நிற்கிற பாறையும் சரி, சார்னோக்கைட் என்று நிலவியலார் சொல்லும் கருநீலக் கல்லும் சரி, குவார்ட்ஸ் இல்லாத கல் இந்தப் பக்கம் குறைவு. குவார்ட்ஸ் என்றால் படிகச் சிலிக்கா. உடைந்த கணத்தில் அதன் முகம் மிகவும் வீரியமாக இருக்கும். பழைய தூளைவிடப் புதிதாக உடைந்த தூள் நுரையீரலை அதிகம் கெடுக்கும் என்பது ஆய்வில் உறுதியானது. ஜா, கோன், வி.எஸ்.ஐ. என்ற கல் உடைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் சுவாசிப்பது அந்தப் புதுத் தூளைத்தான். சிலிகோசிஸ் வந்தபின் திரும்பாது. மருந்தில்லை. நோய் வெளிப்படச் சாதாரணமாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். தூசி கடுமையாக இருந்தால் ஐந்து வருடத்துக்குள்ளும் வரும். கூடவே காசநோய் தொற்றும் ஆபத்தும் கூடும். எக்ஸ்ரேயில் இரண்டும் குழப்புவதால் பலர் காசநோய் மாத்திரை மட்டும் தின்றே செத்துப்போகிறார்கள்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது கோலார் தங்க வயலில். அங்கே பூமிக்கடியில் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலானோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள். சுரங்கம் 2001இல் மூடியது. தங்கம் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கை எல்லோரும் சொல்கிறோம். நெஞ்சடைத்து ஊர் திரும்பியவர்களின் கணக்கைச் சொல்ல ஆளில்லை.

அண்மைக் கதை குஜராத்தின் கோத்ராவில் நடந்தது. அங்கே குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கும் ஆலைகளில் வேலை செய்தவர்கள் மத்தியப் பிரதேசத்துப் பழங்குடியினர். ஆலை ஒரு மாநிலத்தில், நோய் முற்றியதும் சாவு இன்னொரு மாநிலத்தில். வழக்கு பல வருடம் நடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நம் ஆலைகளில் இப்போது வேலை செய்வது யார்? ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். இருமல் வந்ததும் ரயிலேறிப் போய்விடுகிறார்கள். நம் ஆலையில் யாருக்கும் எதுவும் வந்ததில்லை என்று நீங்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. வந்தவர் இங்கே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சட்டமும் இதில் முழுத் துணை இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், கிரஷரிலிருந்து 40 மீட்டர் தள்ளி அளக்கும்போது மிதக்கும் தூசி கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. காற்றுத் தடுப்புச் சுவர், ஆலைக்குள் தார்ச்சாலை, மரம் வளர்ப்பு, தூசியை மூடி அடக்கும் ஏற்பாடு ஆகியவற்றையும் கேட்கின்றன. எல்லாம் தேவைதான். ஆனால் 40 மீட்டர் என்பது வேலி. மூச்சு வாங்குகிறவர் நிற்பது சல்லடைக்கு இரண்டடியில். வேலியில் தேறிய ஆலை சல்லடையடியில் தேறியிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியல் அந்த ஆளின் மூச்சுக் காற்றுக்குத் தனியாகக் கணக்கு வைத்திருந்தது: உள்ளே போகும் நுண்தூசியில் குவார்ட்ஸ் எத்தனை சதவீதமோ அதோடு 2ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 10ஐ வகுத்தால் வருவது கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எல்லை. 28 சதவீதம் குவார்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் 0.33 மில்லிகிராம். இந்தக் கணக்கை வைத்து எத்தனை ஆலையில் அளந்திருக்கிறார்கள் என்று உங்கள் மேலாளரைக் கேளுங்கள்.

குறையை இவ்வளவு சொன்னபின் வழியையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் வெட்டும் இயந்திரத்தின் மேலேயே ஒரு பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். காற்றாடி தூசிக் காற்றை உள்ளே இழுக்கும். வழியில் ஒரு சட்டகம், அதில் 0.1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் பின்னிய வலை, 10, 20, 30 அடுக்காக. அதன் முகத்தில் ஸ்ப்ரே இடைவிடாமல் அடித்து வலையை ஊற வைத்திருக்கும். திறந்த வெளியில் துகளுக்கு விலகிப்போக இடம் உண்டு. இங்கே காற்று அத்தனை அடுக்கிலும் நெளிந்து நெளிந்துதான் போக வேண்டும். ஒரு கம்பியில் தப்பினால் அடுத்ததில் மோதும்; மோதியது தண்ணீர்ப் படலத்தில் சிக்கிக் கீழே வழியும். அதன் பின்னால் அலை வடிவத் தகடுகள் நீர்த்துளிகளைப் பிடித்துவிடும். தெளிந்த காற்று வெளியே, சேறு தொட்டியில். நன்றாகப் பராமரித்தால் சுவாசத் தூசியில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இது நமக்கு அந்நியமான சமாசாரமில்லை. வேடசந்தூர் சாலையில் எந்த நூற்பாலையில் நுழைந்தாலும் ஈரப்பத ஆலை என்று ஒரு பெரிய அறை இருக்கும். பஞ்சுத் தூசியோடு திரும்பி வரும் காற்று முதலில் சல்லடை உருளையில் வடிகட்டப்பட்டு, வரிசை வரிசையான நாசில்களுக்கு நடுவே கழுவப்பட்டு, வளைந்த தகடுகளில் துளி நீங்கி மறுபடி கூடத்துக்குப் போகும். நூல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக இரவும் பகலும் அந்தக் காற்றைக் கழுவினோம். நூலுக்குக் கொடுத்த அந்தக் கவனத்தில் பாதியையாவது கல் உடைப்பவரின் நுரையீரலுக்கு இந்த மாவட்டம் கொடுக்கலாம்.

உங்கள் ஆலையில் இதை எங்கே வைப்பது? எல்லா இடத்திலும் வேண்டாம். சல்லடை மேடை, கோன் கிரஷரின் வாய், வி.எஸ்.ஐ.யிலிருந்து பெல்ட்டுக்கு விழும் இடம் ஆகிய மூன்றிலும்தான் நுண்தூசி அதிகம் பிறக்கிறது. முதலில் அவற்றைத் தகடும் ரப்பர்த் திரையும் கொண்டு மூட வேண்டும். மூடாத இடத்தில் எவ்வளவு பெரிய காற்றாடியை வைத்தாலும் அது ஊர்க் காற்றைத்தான் இழுக்கும். மூடிய இடத்திலிருந்து டக்ட் எடுத்து வலைப்பெட்டிக்குக் கொண்டு போனால் கல் ஈரமாகாது, சல்லடை அடைக்காது. கல்லை நனைப்பதற்குப் பதில் காற்றை நனைக்கிறோம். சல்லடை அடைக்கிறது என்ற உங்கள் குறைக்கு இதுதான் விடை.

அடுத்து சர்ஃபாக்டன்ட், அதாவது தண்ணீரைப் பரவ வைக்கும் மருந்து. ஒட்டன்சத்திரத்து விவசாயி வேப்பங்கொட்டைக் கரைசலில் காதி சோப்பைக் கரைத்து அடிக்கிறார். சோப்பில்லாமல் அடித்தால் மருந்து இலையில் முத்துமுத்தாக நின்று உருண்டு விழும். சோப்பு சேர்ந்தால் பரவி ஒட்டும். அதே வேலைதான் இங்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சர்ஃபாக்டன்ட் சில துளி சேர்ந்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். அதே பம்ப் அழுத்தத்தில் சொட்டு சிறிதாகும். வலைக்கம்பி முழுவதும் படலமாகப் பரவும், வறண்ட திட்டு விடாது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிலக்கரித் தூள் இயல்பிலேயே தண்ணீரை விரட்டும். அதனால் அங்கே சர்ஃபாக்டன்டின் பலன் பெரிது. கல் தூள் தண்ணீரோடு ஒட்டும் குணமுள்ளது. அங்கே கிடைத்த பலன் அப்படியே இங்கே கிடைக்கும் என்று எந்த வியாபாரி சொன்னாலும் நம்பாதீர்கள். சோதனை எளிது. உங்கள் ஆலையின் மிக நைசான டஸ்டை வெயிலில் காய வைத்து எவர்சில்வர்த் தட்டில் பரப்புங்கள். உங்கள் போர்த் தண்ணீரில் ஒரு சொட்டும், மருந்து கலந்த தண்ணீரில் ஒரு சொட்டும் மெதுவாக வையுங்கள். எது எவ்வளவு நேரத்தில் உறிஞ்சப்படுகிறது என்று பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் மருந்துக்குச் செலவழிக்காமல் வலைக்கும் காற்றாடிக்கும் செலவழியுங்கள். என் கணிப்பில் முக்கால்வாசிப் பலன் மூடுவதிலும் வலையிலும்தான் இருக்கிறது; மருந்து அதற்குத் துணை.

மருந்து வாங்கும்போது நம் தண்ணீரை நினைவில் வையுங்கள். இங்கே பெரும்பாலான போரில் கடினநீர். சாதாரண சோப்பு அதில் திரிந்து பிசுபிசுப்பாகி நாசிலை அடைக்கும். மில்லில் நாசிலைக் கழற்றினால் உள்ளே வெள்ளைக் காரை வளையம் வளையமாக ஏறியிருக்கும். ஊசியால் குத்தினால் துளை கோணலாகிச் சொட்டு பெரிதாகிவிடும் என்பதால் அமிலத்தில் ஊற வைத்துத்தான் எடுப்போம். அயனியற்ற வகை சர்ஃபாக்டன்ட் கடினநீரிலும் வேலை செய்யும். சின்னாளபட்டிச் சாயப்பட்டறைகளுக்கு வெட்டிங் ஏஜென்ட் விற்பவர்களிடமே கேட்கலாம். நோனைல் ஃபீனால் எத்தாக்சிலேட் மட்டும் வேண்டாம். அது மண்ணிலும் நீரிலும் சிதைந்து மீன்களின் ஹார்மோனைக் குலைக்கும் பொருளாகிறது. ஐரோப்பாவில் கட்டுப்படுத்திப் பல வருடம் ஆகிறது. எளிதில் மக்கும் ஆல்கஹால் எத்தாக்சிலேட், நுரை குறைந்த ரகமாகக் கேளுங்கள். அளவைக் கூட்டினால் பலன் கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் பரப்பு இழுவிசை இறங்காது, நுரைதான் பொங்கும்.

இந்தத் தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு குடகனாற்றுப் படுகையின் கிணறுகளை என்ன செய்தது என்று திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஐந்து மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. இன்னொரு தொழில் அந்தப் பெயரை வாங்க வேண்டாம். தொட்டியில் சேறு படிய விட்டு, தெளிந்த நீரையே திருப்பி அடியுங்கள். மருந்தும் அதிலேயே சுற்றி வரும், குறைந்ததை மட்டும் சேர்த்தால் போதும். படிந்த சேற்றைக் காயுமுன் அள்ள வேண்டும். கரையில் கொட்டிக் காய விட்டால், பிடித்த நுண்தூசி அத்தனையும் அடுத்த காற்றில் எழுந்து ஊருக்குள் போகும். பிடித்ததற்கே பொருளில்லாமல் போய்விடும்.

மருந்துத் தண்ணீரை நேரடியாக எம்-சாண்ட் மேல் அடிக்கவும் வேண்டாம். சோப்புத் தன்மையுள்ள எதுவும் கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கும். காற்று 1 சதவீதம் கூடினால் வலிமை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். வீடு கட்டுபவர் உங்களை நம்பித்தான் லோடு இறக்குகிறார். மருந்து வலைப்பெட்டியின் சுற்றுக்குள்ளேயே இருக்கட்டும்.

வலையிலும் ஒரு சிக்கல் உண்டு. அடுக்கைக் கூட்டினால் தூசி நன்றாக மாட்டும். காற்று போவது கடினமாகும். காற்று குறைந்தால் மூடிய இடத்திலிருந்து தூசி பக்கவாட்டில் கசியும். பிடிக்கும் திறன் 95 சதவீதமாகி, இழுக்கும் காற்று பாதியானால் நஷ்டம்தான். அதனால் முதலில் குறைந்த அடுக்கில் ஆரம்பித்து, காற்றாடி எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துக் கூட்டுவது நல்லது. வலை நாளுக்கு நாள் அடைத்துக்கொண்டும் வரும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு கண்ணாடிக் குழாயை ‘யு’ போல வளைத்து, கலர்த் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வலைக்கு முன்னும் மறுமுனையைப் பின்னும் சேருங்கள். புது வலையில் இரண்டு பக்க நீர்மட்டமும் எவ்வளவு வித்தியாசம் என்று பெயின்டில் கோடு போடுங்கள். வித்தியாசம் ஏறினால் வலை அடைத்திருக்கிறது. திடீரென்று இறங்கினால் வலை கிழிந்திருக்கிறது அல்லது ஸ்ப்ரே நின்றிருக்கிறது. தமிழ் தெரியாத பையனும் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

வலைச் சட்டகத்தை இழுப்பறை போல உருவி எடுக்கும்படி செய்யுங்கள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே கழுவிக் காத்திருக்கட்டும். ஷிஃப்டுக்கு ஒரு முறை மாற்றுவது ஐந்து நிமிட வேலையாக இருந்தால் மாற்றுவார்கள். ஸ்பேனர் எடுத்து எட்டு போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். 2019இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம்முடையது. தகட்டை வெட்டி மடித்து, நெளியாமல் நழுவும் சட்டகம் செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. வெளியூர்க் கம்பெனியின் கொட்டேஷனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொருவரும் தனியாகச் செலவு செய்யத் தயங்குவீர்கள் என்பது தெரியும். பக்கத்து யூனிட் செய்யாமல் ஜல்லி விலையைக் குறைத்து விற்றால் செய்தவருக்குத்தான் அடி. அதனால்தான் இதைத் தனி ஆளுக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். சங்கமாகச் சேர்ந்து ஒரே ஒரு யூனிட்டில், ஒரே ஒரு சல்லடையில் இதைச் செய்து பாருங்கள். செய்வதற்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். வேலியில் வேண்டாம், ஆள் மேல். சட்டைக் காலரில் நுண்தூசியைப் பிரிக்கும் சிறு சைக்ளோனும் இடுப்பில் பம்ப்பும் மாட்டி ஷிஃப்ட் முழுவதும் காற்றை இழுத்தால், அவர் நெஞ்சுக்குள் போயிருக்கக் கூடிய நுண்தூசி எவ்வளவு, அதில் குவார்ட்ஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்துக்குப் பெங்களூருவில் தென்மண்டல மையம் இருக்கிறது. அவர்களை அழைக்கலாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை அளந்தால் ஒரு வருடத்தின் படம் கிடைக்கும். வந்த எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஆலை வாசலில் எழுதிப் போடுங்கள். நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, அதைச் சுவாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

கூடவே, இப்போது வேலையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் எடுத்து, அதன் நகலை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஊர் திரும்பும்போது அது அவர் பெட்டியில் போகட்டும். பத்து வருடம் கழித்து அங்குல் பக்கத்திலோ கயா பக்கத்திலோ ஒரு மருத்துவர் முன்னால் அவர் உட்காரும்போது, இவர் கல் உடைத்தவர் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.

நாசில் தேர்வு, டக்ட் அளவு, சட்டக வரைபடம் ஆகியவற்றில் எனக்குத் தெரிந்ததை இலவசமாகச் சொல்லித் தருகிறேன். எந்த யூனிட் என்று சங்கம் முடிவு செய்து சொன்னால், அடுத்த ஆடிக்கு முன் முதல் சட்டகத்தை மாட்டிவிடலாம்.

அன்புடன்,
நூற்பாலைப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வேடசந்தூர்க்காரன்